மேனேஜரின் எடை

மார்ச் 8, ஞாயிறு

108.2 கிலோ. போன ஞாயிறு 103.6.

இந்த நோட்டை என் மனைவி எடுத்துப் பார்த்தால் முதல் வரியிலேயே சண்டை வரும் என்பதால் எழுதிவைக்கிறேன்: இது பன்றியின் எடை.

மாமனார் எட்டு மாதத்துக்கு முன்னால் குட்டியாக வாங்கிவந்தது. இறைச்சிக்கு என்று சொல்லித்தான் வாங்கினார். 'மேனேஜர்' என்று பெயர் வைத்தது என் மனைவி. ஒரு வேலையும் செய்யாது, எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கும், சாப்பாடு ஐந்து நிமிஷம் தாமதமானால் கத்தும் — வேறு என்ன பெயர் வைக்க முடியும் என்கிறாள். இப்போது வீட்டில் எல்லோருக்கும் அது 'அவர்' ஆகிவிட்டது. "அவர் சாப்பிட்டாச்சா?" என்று அத்தை கேட்டால், பெரும்பாலும் அது நான் இல்லை.

தராசு என்னுடையது. ஆபீசில் கழித்துப் போட்ட மேடைத் தராசு. நான் பழுது பார்த்து, ஓரம் தேய்த்து, கொட்டிலுக்குள் பதித்தேன். 200 கிராம் வரை துல்லியம். ஊர் ஊராகப் போய்க் கம்பெனித் தராசுகளைச் சோதித்து முத்திரை ஒட்டுகிறவன் வீட்டில் பன்றியைக் கண்ணால் மதிப்பிட்டால் அசிங்கம். மேனேஜர் இப்போது தானே ஏறுகிறது, எண் நிற்கும்வரை அசையாமல் நிற்கிறது, ஒரு கேரட் துண்டு கொடுத்தால் இறங்குகிறது. பழக்க மூன்று வாரம் ஆனது. மாமனார் கொட்டில் கதவைத் திறந்து "போலாம் ரைட்" என்றால் ஏறும். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், கண்டக்டர் குரல் காதிலேயே நிற்கிறது. வேறு எப்படிக் கூப்பிடுவார்?

டாக்டர் அவரையும் வாரம் ஒரு தடவை எடை பார்க்கச் சொல்லியிருக்கிறார். பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. வலது கை நெஞ்சுக்கு மேல் எழும்பாது, ஆளும் இளைத்துக்கொண்டே போகிறார். மகள், அதாவது என் மனைவி, ஏறச் சொல்லிக் கேட்டாள். "தராசுல ஏத்துறதுக்கு நான் என்ன மூட்டையா?" என்றுவிட்டார். நான் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வது குறைவு. நான் பக்கத்திலேயே நிற்கும்போது "லைட்டை அணைக்கச் சொல்லும்மா" என்று மகளிடம் சொல்வார். நானும் அவளைப் பார்த்து "அணைச்சிட்டேன்னு சொல்லு" என்பேன். அவரைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இந்த வீட்டுக்கு வந்து ஐந்து மாதமாக இப்படித்தான்.

மார்ச் 10, செவ்வாய்

மேனேஜர் மாமனாரைக் கீழே தள்ளிவிட்டது. கோபத்தில் இல்லை. வாளியைப் பார்த்த சந்தோஷத்தில் ஓடிவந்து முட்டியிருக்கிறது. பாசமாக வந்தாலும் 108 கிலோ 108 கிலோதான். முழங்கையில் தோல் வழன்றுவிட்டது. "என் தப்புதான், ஓரமா நின்னிருக்கணும்" என்கிறார், ஏதோ லாரிக்குக் குறுக்கே போனவர் மாதிரி.

அத்தை மருந்து போட்டுக்கொண்டே, "இன்னும் ரெண்டு மாசம் போனா இந்த வீட்ல அவர்தான் இருப்பார், நாம கொட்டில்ல இருப்போம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. தள்ளிப்போட முடியாது என்பது எல்லோருக்கும் தெரிகிறது.

மார்ச் 12, வியாழன்

பன்றி வியாபாரி வந்தார். மாமனார் கேட்ட ஒரே கேள்வி: வண்டியில் எப்படி ஏற்றுவீர்கள்?

"கால்ல கயிறு போட்டு இழுத்துருவோம். கொஞ்ச நேரம் கத்தும். அப்புறம் அடங்கிரும்."

மாமனார் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். "நான் ஒருத்தரையும் இழுத்து ஏத்தினதில்ல" என்று வாசலைப் பார்த்துச் சொன்னார்.

சாப்பிடும்போது என்னைப் பார்த்துப் பேசினார். நேராக, என்னைப் பார்த்து. "மாப்ளே, வீட்லயே முடிச்சிரலாம். அது பயப்படக் கூடாது. எனக்கு அது ஒண்ணுதான். என் கை இப்படி ஆயிருச்சு. நீங்க செய்வீங்களா?"

"செய்றேன்" என்றேன்.

எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கலாம். ஒரு நாள் டைம் கேட்டிருக்கலாம். வாய் முந்திக்கொண்டது. அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு கிணற்றடியில் வைத்துச் சொன்னாள்: "அது கத்திச்சுன்னா அந்தச் சத்தத்தோடதான் அப்பா மிச்ச நாளைக் கழிக்கணும். நானும்தான். தெரிஞ்சுதானே சொன்ன?"

தெரிந்து சொல்லவில்லை. இப்போது தெரியும்.

மார்ச் 14, சனி

மார்க்கெட் பக்கத்தில் கறிக்கடை வைத்திருக்கும் அக்காவைப் போய்ப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். வெட்டிக்கொண்டே பேசுகிறார்.

"இதுக்கு முன்னாடி எதையாவது கொன்னிருக்கியா தம்பி?"

"கொசு."

"கொசு திரும்பிப் பார்க்காது."

அவரே வந்து அடித்துவிடலாமே என்றேன். பிறத்தியார் கொட்டிலுக்குள் வந்தால் மேனேஜர் எப்படி இருக்கும் என்று அவர் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். மீட்டர் பார்க்க வந்தவரைக் கண்டே தெரு அதிரக் கத்தியது. வீட்டு ஆட்களுக்கு மட்டும்தான், அதுவும் தராசின் மேல்தான், அசையாமல் நிற்கும். "அப்ப நீதான்" என்றார்.

முறை இது. போல்ட் துப்பாக்கி அவர் கொடுப்பார். அதில் குண்டு வெளியே போகாது. ஒரு இரும்புக் கம்பி பாய்ந்து உள்ளே திரும்பிவிடும். சரியான இடத்தில் பட்டால் அந்தக் கணமே நினைவு போய்விடும். உடனே அவர் உள்ளே வந்து கத்தி வைத்து ரத்தம் இறக்குவார். இடது கண்ணிலிருந்து வலது காதுக்கு ஒரு கோடு, வலது கண்ணிலிருந்து இடது காதுக்கு ஒரு கோடு. கோடுகள் இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் இடம். ஒரு விரல் தள்ளினால் தப்பு.

முதல் நாள் சாயங்காலத்திலிருந்து தீனி கூடாது, தண்ணீர் மட்டும். வயிறு நிறைந்திருந்து அறுக்கும்போது கிழிந்தால் கறி மொத்தமும் போச்சு. "நிறைஞ்ச வயித்தை நான் தொட மாட்டேன். அதை மட்டும் மனசுல வச்சுக்க."

வீட்டுக்கு வந்து அட்டையில் மேனேஜரின் முகத்தை வரைந்து கோடு போட்டுப் பார்த்தேன். அவள் எட்டிப் பார்த்தாள். "இடது காது மடிஞ்சிருக்கிறதைக்கூட வரைஞ்சிருக்கே" என்றாள். அளவுக்காக வரைந்தது. அப்படித்தான் சொன்னேன்.

மார்ச் 17, செவ்வாய்

துப்பாக்கியின் எடை 1.9 கிலோ. அதே எடையில் ஒரு குழாய்த் துண்டை வெட்டி, தினமும் தராசின் மேல் நிற்கும்போது நெற்றியில் அந்த இடத்தில் வைத்து எடுக்கிறேன். பழகட்டும் என்று. முதல் நாள் தலையை உதறியது. இன்று, சொறிந்துவிடுகிறேன் என்று நினைத்து நெற்றியைத் தானே கொண்டுவந்து கொடுத்தது. கண்ணை மூடிக்கொண்டது.

முறை வேலை செய்கிறது. அவ்வளவுதான் எழுத வேண்டும்.

மார்ச் 18, புதன்

கொட்டிலுக்கு மேல் சாய்ந்திருக்கும் கொய்யாக் கிளையில் ஒரே ஒரு காய் நிறம் மாறியிருக்கிறது, மற்றதெல்லாம் பச்சை. முதல் காய்ப்பு. அவள் அதற்குத் துணிப்பை கட்டிவைத்திருக்கிறாள். வீட்டில் உயரமான எனக்கே எக்கினால்தான் எட்டும். மேனேஜர் அதன் கீழே போய் நின்று மூக்கை உயர்த்தி உயர்த்திப் பார்க்கிறது. அவ்வளவு உயரத்தில் இருப்பதை எப்படித் தெரிந்துகொண்டது?

மார்ச் 20, வெள்ளி

115.4. மாலை ஆறு மணி.

கொட்டில் கதவில் அட்டை மாட்டிவிட்டேன்: 'இனி தீனி இல்லை. தண்ணீர் மட்டும்.' எல்லோரையும் கூப்பிட்டு வாயாலும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அத்தை இரண்டு தடவை தலையாட்டினார்.

மார்ச் 21, சனி

காலை 5:50. 117.0.

பன்னிரண்டு மணி நேரப் பட்டினி. குறைந்தது இரண்டு கிலோ குறைந்திருக்க வேண்டும். ஒன்றரை கிலோவுக்கு மேல் கூடியிருக்கிறது. பன்றி காற்றைக் குடித்து ஏறாது. ஆக, தராசு தப்பு.

என் தராசு.

மட்டம் வைத்துப் பார்த்தேன். சரி. மேடையைத் தூக்கி அடியில் கல்லோ குச்சியோ சிக்கியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. வயரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். ஆபீஸ் வேனிலிருந்து இருபது கிலோ எடைக்கற்கள் ஐந்தையும் சுமந்துவந்து நான்கு மூலையிலும் நடுவிலும் மாற்றி மாற்றி வைத்தேன். 100.0. 100.0. 100.0. கல்லை வைத்தால் யோக்கியமாக இருக்கிறது, பன்றி ஏறினால் புளுகுகிறது. இப்படி ஒரு கோளாறை நான் எந்தக் கம்பெனியிலும் பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் குனிந்தே கிடந்தேன். அத்தை இரண்டு தடவை காபி வைத்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போனார். மாமனார் பேப்பரில் ஒரே பக்கத்தை அரை மணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தார். அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் நான் இல்லை.

ஏழு மணிக்குக் கறிக்கடை அக்கா கத்திகளைத் துணியில் சுருட்டிக்கொண்டு வந்தார். எட்டத்தில் நின்று மேனேஜரின் வயிற்றைப் பார்த்தார். கொட்டில் தரையைப் பார்த்தார். தரையில் முட்டிபோட்டுக் கிடந்த என்னைப் பார்த்தார்.

"தம்பி, எழுந்திரு. தராசு சரியாத்தான் இருக்கு." பிறகு திரும்பி, "யாரு போட்டது?"

அத்தை முந்தானையைக் கையில் சுருட்டினார்.

"ஒரு தட்டு சோறுதான்" என்றார் அத்தை. "அதுவும் மிச்சம். கொட்டணும், எங்க கொட்டினா என்ன."

"ரொட்டி" என்றாள் அவள். "ரெண்டு."

"ரெண்டு ரொட்டியா?"

"ரெண்டு பாக்கெட்."

மாமனார் பேப்பரை மடித்தார். "சர்க்கரைவள்ளிக்கிழங்கு. வேகவச்சது. அது பச்சையாத் தின்னா அதுக்கு வயித்துக்கு ஆகாது."

ஒருத்தர் போட்டது இன்னொருத்தருக்குத் தெரியாது. மூன்று பேரும் தான் மட்டும்தான் திருட்டுத்தனம் செய்ததாக நினைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் திரிந்திருக்கிறார்கள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடுத்த சனிக்கிழமை வர்றேன். அதுக்குள்ள வீட்டை அடக்கி வை. பன்னியால ஒரு பிரச்சினையும் இல்ல."

நான் கத்தினேன். ஒத்துக்கொள்கிறேன். அறிவு இருக்கா, எழுதிப் போட்டது கண்ணுக்குத் தெரியலையா, நூறு கிலோ கல்லைச் சுமந்துட்டு நான் என்ன பைத்தியமா — எல்லாம். மாமனார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அப்புறம் அவள் என் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "ஒரு மணி நேரம் மெஷினைப் போட்டுக் குடைஞ்சியே, எங்களைச் சந்தேகப்படணும்னு தோணவே இல்லையா?"

"இல்ல."

"லூசு" என்றாள். திட்டுகிற மாதிரி இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

மாமனாரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லும்மா என்று மகளிடம் சொன்னார். அவள் வீட்டிலேயே இல்லை. நானே குறைத்தேன்.

மார்ச் 27, வெள்ளி

திருட்டுத்தனம் வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெளிப்படையாகச் செய்துவிடலாம் என்று முடிவு. ஐந்தரையிலிருந்து ஆறுவரை. அத்தை சோறு, அவள் ரொட்டி, மாமனார் கிழங்கு. மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. யாரிடம் போவது என்று தெரியாமல் மூன்று பேருக்கும் நடுவில் சுற்றிச் சுற்றி வந்தது. அத்தை, "மெதுவா, மெதுவா, யாரும் பிடுங்கலை" என்று விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். அவள் காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டாள். மாமனார் இடது கையாலேயே கடைசிக் கிழங்கை உடைத்து ஊட்டினார்.

நான் எதுவும் கொண்டுபோகவில்லை. நேரம் பார்க்கிற வேலை என்னுடையது. சரியாக ஆறுக்குக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். 119.2.

மார்ச் 28, சனி

காலை 5:40. 116.6. சரி.

அதே நாள், மாலை

முடிந்தது. கத்தவில்லை.

ஏழு பத்துக்கு நடந்தது. அக்காவைச் சுவருக்குப் பின்னால் நிற்கச் சொல்லியிருந்தேன். அத்தையும் அவளும் சமையலறையில். மாமனாரை உள்ளே இருங்கள் என்று சொல்லித்தான் இருந்தேன், கேட்கவில்லை. கொட்டில் கதவை அவரே திறந்தார். மேனேஜர் தராசில் ஏறியது. அவர் முன்னால் நின்று இடது கையால் அந்த மடிந்த காதைப் பிடித்துக்கொண்டார். பத்து நாள் பழகிய இடத்தை மறுபடி கண்ணால் கோடு போட்டுப் பார்த்தேன். துப்பாக்கியை நெற்றியில் வைத்ததும் வழக்கம்போலத் தலையை முன்னால் கொண்டுவந்து கண்ணை மூடிக்கொண்டது. என்னால் முடியவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை — எல்லாவற்றுக்கும் நேரம் பார்க்கிறவன் இதற்குப் பார்க்கவில்லை.

மாமனார் என்னைப் பார்த்தார். பிறகு அதைப் பார்த்து, மெதுவாக, பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் சொல்கிற மாதிரி, "போலாம் ரைட்" என்றார்.

அழுத்தினேன்.

நான்கு காலும் ஒன்றாக மடங்கின. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கால் உதறும், அது நரம்பு, அதற்கு நினைவு கிடையாது என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். மாமனாருக்கும் சொல்லிவைத்திருந்தேன். இருந்தாலும் அவர் காதை விடவில்லை. அக்கா வந்து தன் வேலையை முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே குனிந்திருந்தார்.

அப்புறம் வேலை. வேலை என்று வந்துவிட்டால் நான் சரியாகிவிடுவேன். பீப்பாய்த் தண்ணீர் 64 டிகிரி. அதற்கு மேல் போனால் ரோமம் தோலோடு இறுகிக்கொள்ளும். அக்கா விரலை முக்கிப் பார்த்து "சரி" என்றார், நான் தெர்மாமீட்டரைப் பார்த்து "சரி" என்றேன், இரண்டு பேரும் ஒருவரையொருவர் நம்பாமல் மறுபடி பார்த்தோம். சுரண்டச் சுரண்ட வெள்ளையாக வந்தது. கப்பியும் சங்கிலியுமான செயின் பிளாக்கில் பின்னங்கால்களை மாட்டித் தூக்கினோம். அந்த நேரத்தில் அத்தை அகலப் பாத்திரங்களோடு வெளியே வந்தார். அவளும் வந்தாள். கண் வீங்கியிருந்தது. பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். அக்கா அடிவயிற்றிலிருந்து ஒரே கோடாக இறக்கினார். கத்தி முனையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, உள்ளே எதுவும் படாமல். என்னிடம் வேலை பார்க்கும் ஆட்களுக்கு அந்தக் கை வராது.

இரைப்பை காலியாக, சுருங்கி இருந்தது. "பரவால்லையே, வீடு அடங்கிருச்சு" என்று சொல்லிக்கொண்டே கழுவுவதற்காகத் திறந்தார்.

நின்றுவிட்டார்.

"இது என்ன? கொய்யா விதை. இன்னிக்குக் காலையில தின்ன மாதிரி இருக்கு. யாரு போட்டது?"

நான் பீப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

5:40-க்கும் 5:50-க்கும் நடுவில் நடந்ததைக் காலையில் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். எடை பார்த்து முடிந்தது. 116.6 என்று குறித்துக்கொண்டேன். மேனேஜர் இறங்கவில்லை. போ என்றேன். தட்டினேன். தராசின் மேலேயே நின்று என்னையே பார்த்தது. ஏறி அசையாமல் நின்றால் ஒரு துண்டு கிடைக்கும் — மூன்று வாரம் உட்கார்ந்து அதற்கு நான் சொல்லிக்கொடுத்தது. ஒரு தடவைகூட நான் கொடுக்காமல் இருந்ததில்லை. கேரட் எடுக்க வீட்டுக்குள் போனால் பிடிபடுவேன். எக்கி அந்தப் பழத்தைப் பறித்தேன். முழுசாக. பையோடு சேர்த்துத் தின்றுவிடாமல் இருக்கப் பையைக் கழற்றிக் கொடுத்தேன்.

"யாரு போட்டதுன்னு கேட்டேன்" என்றார் அக்கா.

"நான்தான்" என்றார் மாமனார். "காலையில மனசு கேட்கலை. ஒண்ணே ஒண்ணுதான்."

"உங்களைத் திருத்தவே முடியாது டிரைவரண்ணே" என்று அக்கா வேலையைத் தொடர்ந்தார்.

அவள் நிமிர்ந்து கிளையில் பை கட்டியிருந்த இடத்தைப் பார்த்தாள். காலி. அப்பாவின் வலது கையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பாத்திரத்தை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, காலியான கையால் என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். கடைசித் துண்டு வெட்டும்வரை விடவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

பழக்க தோஷத்தில் ஆறு மணிக்குக் கொட்டிலுக்குப் போய்விட்டேன். 0.0.

ஏப்ரல் 1, புதன்

கறி சமைத்த அன்று முதல் வாய் மாமனார் சாப்பிட்டார். "நல்லா இருக்கு" என்றார், அத்தையிடம் இல்லை, தட்டிடம். அத்தை கொஞ்சம் சாப்பிட்டார். அவளுக்கு நேற்றுவரை இறங்கவில்லை. இன்று என் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள். "அவர் நல்லாத்தான் சாப்பிட்டிருக்கார்" என்றாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கறிக்கடை அக்காவுக்கு ஒரு தொடை கொடுத்தோம். மேனேஜரின் நாக்கு நன்றாக வெந்திருந்தது.

ஏப்ரல் 9, வியாழன்

"தண்ணி மோட்டாரை நிறுத்துங்க மாப்ளே" என்றார். மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

தராசைக் கழற்றி ஷெட்டில் வைத்துவிடலாம் என்று காலையில் ஸ்பேனரோடு கொட்டிலுக்குப் போனேன். கழுவிவிட்ட தரை காய்ந்து கிடந்தது. மாமனார் தராசின் மேல் நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கண்ணாடி உள்ளே இருக்கு. எவ்வளவு காட்டுது?"

"அறுபத்திரண்டு புள்ளி நாலு."

"குறைஞ்சிருக்கா?"

"இதுதானே மாமா முதல் தடவை. அடுத்த ஞாயித்துக்கிழமை பார்த்தாத்தான் தெரியும்."

"ம்."

கதவு நிலையில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். தேதி, 62.4. ஞாயிறுதோறும் அங்கே குறித்த மேனேஜருடைய எண்களுக்குக் கீழே. ஸ்பேனரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அவர் இறங்கவில்லை. கை கொடுக்க வேண்டுமோ என்று போனேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அசையாமல் நேராக நின்றபடி, மேலே கொய்யாக் கிளையைப் பார்த்தார். இன்னொன்று பழுத்திருந்தது.

"அசையாம நின்னா ஏதோ கிடைக்கும்னு பார்த்தேன்" என்றார்.

எக்கிப் பறித்தேன்.